ஒரே மாலை சூடியவர்களின் போர்: ஸ்பெயின் உள்நாட்டுப் போரை வரைந்தவர்கள்

1937-ல் பாரிஸில் பெரிய உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. சேன் ஆற்றங்கரையில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் அரங்கு கட்டியிருந்தது. ஸ்பெயின் குடியரசின் அரங்கை வடிவமைத்த இருவரில் ஒருவர் ஜோசெப் லூயிஸ் செர்ட் என்ற பார்சிலோனா கட்டடக் கலைஞர். அதே கண்காட்சியில் வத்திக்கானுக்கும் ஓர் அரங்கு இருந்தது. அங்கே பலிபீடத்துக்கென வரையப்பட்ட பெரிய ஓவியத்தில், ஸ்பெயினில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களுக்காகப் புனித தெரேசா கிறிஸ்துவிடம் மன்றாடுகிறார். அதை வரைந்தவர் ஜோசெப் மரியா செர்ட், கட்டடக் கலைஞருடைய தந்தையின் உடன்பிறந்தவர். ஒரே குடும்பம், ஒரே கண்காட்சி. ஓர் அரங்கு குடியரசுக்காகப் பேசியது, மற்றதில் இருந்த ஓவியம் அந்தக் குடியரசின் மண்ணில் நடந்த கொலைகளைப் பேசியது.

கோவூர் கிழார் ஞாபகத்துக்கு வருகிறார். சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரோடொருவர் போரிட்டபோது அவர் இடையில் போய் நின்றார். உன்னோடு பொருதுபவன் பனம்பூச் சூடிய சேரன் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. உன் தலையில் இருப்பதும் ஆத்தி, அவன் தலையில் இருப்பதும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

ஓவியனுக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். அந்நியன் படையெடுத்து வந்தால் அவனை வரைவது எளிது. அவனுடைய சீருடை வேறு, கொடி வேறு. எதிரி பக்கத்துத் தெருக்காரனாக, கூடப் படித்தவனாக, சொந்த அண்ணன் தம்பியாக இருந்தால் அவனை எப்படி வரைவது? ஸ்பெயின் போரைப் பற்றி வந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் படங்களையும் இந்தக் கேள்வியோடு பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் போரிலிருந்து இன்றுவரை நம்மை உலுக்கும் படைப்புகள் பெரும்பாலானவற்றில் கொலையாளி இல்லை.

முதலில் போரைப் பற்றிச் சுருக்கமாக. 1936 ஜூலை 17-ல் ராணுவத்தின் ஒரு பகுதி, தேர்தலில் வென்று வந்த குடியரசு அரசுக்கு எதிராகக் கிளர்ந்தது. விரைவிலேயே தளபதி ஃபிராங்கோ அதன் தலைவரானார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானங்களையும் படைகளையும் அனுப்பினார்கள். குடியரசுக்கு சோவியத் ஆயுதங்கள் வந்தன, பல நாடுகளிலிருந்து தொண்டர்களும் வந்தார்கள். 1939 ஏப்ரல் 1-ல் ஃபிராங்கோ வெற்றியை அறிவித்தார். இறந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவர்களில் பெருந்தொகையினர் போர்முனையில் சாகவில்லை. இரவில் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப் போய் ஊர் எல்லையில் சுட்டார்கள். அதற்கு அன்று ஸ்பானிய மொழியில் வழங்கிய பெயர் 'பசேயோ', அதாவது சற்று நடந்துவிட்டு வருவது.

இரண்டு பக்கத்திலும் இது நடந்தது. குடியரசின் பகுதியில் பாதிரியார்களும் துறவியரும் கன்னியாஸ்திரீகளுமாக மட்டும் ஏறத்தாழ 6,800 பேர் கொல்லப்பட்டார்கள். தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவில் விக் என்ற ஊரின் பேராலயமும் 1936 ஜூலையில் எரிந்தது. அதன் சுவர்களை நிறைத்திருந்தவை பெரியவர் செர்ட்டின் ஓவியங்கள், அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்தவை. எல்லாம் சாம்பலாயின. அவர் ஏன் ஃபிராங்கோ பக்கம் நின்றார் என்று கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிராங்கோவின் பகுதியில் கொல்லப்பட்டவர்கள் இதைவிட மிக அதிகம், போர் முடிந்த பிறகும் அங்கே கொலை நிற்கவில்லை. அதற்காக விக்கில் எரிந்த சுவரை மறைத்துவிட்டுப் பேசினால் இந்தப் போரைப் பற்றிப் பேசியதாகாது.

சுவரொட்டிகளின் எதிரி

எதிரியை நேராகக் காட்டிய கலை ஒன்று உண்டு, சுவரொட்டி. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே பார்சிலோனா, வலென்சியா, மாட்ரிட் நகரச் சுவர்கள் சுவரொட்டிகளால் நிறைந்தன. கட்சிகளும் தொழிற்சங்கங்களும் போட்டி போட்டுக்கொண்டு வெளியிட்டன. பார்சிலோனாவில் ஓவியர்களுக்கென்றே ஒரு தொழிற்சங்கம் இருந்தது, போர் தொடங்கியதும் அது சுவரொட்டிப் பட்டறையாகவே மாறிவிட்டது.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பெரே கத்தலா பிக் என்ற புகைப்படக் கலைஞர் செய்தது. நனைந்த கற்கள் பாவிய தெரு. கத்தலோனிய விவசாயிகள் அணியும் கயிற்றுச் செருப்புப் போட்ட ஒரு கால், களிமண்ணால் செய்த ஸ்வஸ்திகா ஒன்றை மிதிக்கிறது. ஸ்வஸ்திகா விரிசல் விட்டிருக்கிறது. அவ்வளவுதான் படம். இதில் எதிரி ஒரு சின்னம், அதுவும் வெளிநாட்டுச் சின்னம். இதைக் கவனிக்க வேண்டும். பல குடியரசுச் சுவரொட்டிகளில் எதிரி ஜெர்மானியனாகவோ இத்தாலியனாகவோ வருகிறான், ஸ்பானியனாக வந்தால் தொப்பை வைத்த தளபதியாகவும் பணமூட்டைக்காரனாகவும் கேலிச்சித்திர உருவில் வருகிறான். பக்கத்து வீட்டுக்காரன் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. மறுபக்கத்திலும் இதே கதைதான். ஃபிராங்கோவின் ஓவியர்கள் இதைச் 'சிலுவைப் போர்' என்றார்கள், எதிரி மாஸ்கோவிலிருந்து வந்தவன் என்றார்கள். சகோதரனைக் கொல்வதற்கு முன் அவனை அந்நியனாக்கிவிட வேண்டும். சுவரொட்டிகள் செய்த வேலை அது. அந்த வேலையை அவை மிக அழகாகச் செய்தன என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

இதற்கு நேர் எதிராக, கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒரே உடல்தான் என்று காட்டியவர் சல்வதோர் டாலி. 1936-ல் அவர் வரைந்த ஓவியத்தில் மனித உறுப்புகளாலான ஒரு ராட்சத உருவம் கத்தலோனிய வானத்தின் கீழ் நிற்கிறது. அதன் கை அதன் மார்பையே பிழிகிறது, அதன் கால் அதன் உடலையே மிதிக்கிறது. தரையில் வேகவைத்த பீன்ஸ் சிதறிக் கிடக்கிறது. போர் வருமென்று முன்பே உணர்ந்து வரைந்ததாக டாலி பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அந்தப் பெருமையை விட்டுவிடலாம். தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும் உடல் என்பது கோவூர் கிழார் சொன்னதற்கு மிக நெருங்கிய உருவகம். ஆனால் அந்தப் படத்தில் எனக்கு அழுகை கேட்கவில்லை. அவருடைய உயிர் நண்பரான கவிஞர் லோர்காவை 1936 ஆகஸ்டில் கிரானடாவுக்கு அருகே ஃபிராங்கோ பக்கத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகும் டாலி எந்தப் பக்கமும் பேசவில்லை, வென்ற பிறகு ஃபிராங்கோவைப் புகழ்ந்தார். உண்மையைச் சரியாகப் பார்த்துவிட்டு அதிலிருந்து விலகி நிற்க முடிந்த மனிதர் அவர்.

அந்த அரங்கில் இருந்தவை

இளைய செர்ட்டும் லூயிஸ் லகாசாவும் கட்டிய ஸ்பெயின் அரங்குக்கு வருவோம். கண்காட்சி தொடங்கி ஏழு வாரம் கழித்து, ஜூலை 12-ல்தான் அது திறக்கப்பட்டது. கொஞ்சம் தள்ளி ஜெர்மனியின் அரங்கும் சோவியத் அரங்கும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு வானளாவ நின்றன. ஸ்பெயினிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. இருந்தது கலைஞர்கள் மட்டும். நுண்கலைத் துறையின் பொறுப்பிலிருந்த ஜோசெப் ரெனாவ், அவரே சுவரொட்டி ஓவியர், உள்ளே பெரிய ஒட்டுப் புகைப்படங்களால் நாட்டின் நிலையைச் சொன்னார்.

வாசலுக்கு அருகே இரும்பில் ஒரு பெண். ஹூலியோ கொன்சாலெஸ் செய்த 'மொன்செராத்'. மொன்செராத் கத்தலோனியாவின் புனித மலை, அங்கே மாதா குடியிருக்கிறாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான். கொன்சாலெஸ் பார்சிலோனாவின் உலோகப் பட்டறைக் குடும்பத்தில் வளர்ந்தவர், பிக்காசோவுக்கு இரும்பை ஒட்டவைக்கக் கற்றுக்கொடுத்தவர். இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, ஒட்டி அவர் செய்த அந்தக் குடியானவப் பெண்ணின் ஒரு கையில் குழந்தை, மறு கையில் அரிவாள். முகம் வானத்தைப் பார்க்கிறது. அரிவாளை அவள் ஓங்கவில்லை, கை தாழ்ந்தே இருக்கிறது. எதிரி வானத்தில் எங்கோ இருக்கிறான், அரிவாள் அவனுக்கு எட்டாது. பிற்பாடு, போர் தோற்ற பிறகு, அதே பெண்ணைக் கொன்சாலெஸ் திரும்பத் திரும்பச் செய்தார். இப்போது அவள் நிற்கவில்லை, மண்டியிட்டு அலறுகிறாள். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்துவைத்திருந்த காலம், உலோகம் ஒட்ட வாயு கிடைக்காது, அவர் சுண்ணச் சாந்தில் வேலை செய்தார். 1942-ல் அவர் இறந்தபோது அந்த அலறும் பெண் முடியாமலே இருந்தாள்.

ஹோவான் மிரோ மாடிப்படி ஓரச் சுவரில் ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓர் அறுவடைக்காரனை வரைந்தார். சிவப்புத் தொப்பி போட்ட கத்தலோனியக் குடியானவன், கையில் அரிவாள். கண்காட்சி முடிந்ததும் அந்தப் பலகைகளைப் பிரித்து ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள், அதன் பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான் மிச்சம். அல்பெர்தோ சான்செஸ் வாசலில் நிறுத்திய பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயரமான தூண் சிற்பமும் தொலைந்துபோயிற்று. மாட்ரிட்டில் இன்று இருப்பது அதன் நகல். தோற்ற பக்கத்தின் கலைக்குக் காப்பாற்ற ஆள் இருக்காது.

மிரோவைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அந்த அறுவடைக்காரனைவிட என்னை உலுக்குவது, அதே 1937-ன் முதல் மாதங்களில் பாரிஸில் அவர் வரைந்த ஒரு சிறிய ஓவியம். மேசை மேல் ஒரு ஆப்பிள், ஒரு பாட்டில், ஒரு துண்டு ரொட்டி, ஒரு பழைய செருப்பு. ஆப்பிளில் முள்கரண்டி ஆயுதம் போலக் குத்தியிருக்கிறது. வண்ணங்கள் அமிலத்தில் முக்கியெடுத்தது மாதிரி எரிகின்றன, பின்னால் கறுப்பு மேகம் போல ஏதோ ஒன்று. போர் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் ஊரில் ஏதோ பயங்கரம் நடக்கிறது, தூரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஊரை விட்டு வந்து செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்த மேசையை விளக்க வேண்டாம்.

அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கர் அங்கே ஒரு நீரூற்று செய்தார், தண்ணீருக்குப் பதில் பாதரசம். உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கங்களுள் ஒன்றான அல்மாதெனுக்காக அது. அந்தச் சுரங்கத்துக்காகவும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அழித்த முஷ்டி

அந்த நீரூற்றுக்கு எதிரே இருந்தது பிக்காசோவின் 'குவர்னிகா' ஓவியம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் நான் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறேன்.

அரங்குக்கு ஓர் ஓவியம் தரும்படி பிக்காசோவிடம் 1937-ன் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். மாதங்கள் போயின, அவருக்குப் பொருள் கிடைக்கவில்லை. ஏப்ரலில்கூட ஓவியனும் மாடலும் இருக்கும் பட்டறையைத்தான் கோட்டோவியமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26, திங்கட்கிழமை, வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக் குவர்னிகாவில் சந்தை நாள். பாஸ்க் மக்கள் தங்கள் உரிமைகளுக்காகச் சத்தியம் வாங்கும் கருவாலி மரம் நிற்கும் ஊர் அது. ஹிட்லர் அனுப்பிய காண்டோர் படையின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு போட்டன, தீக்குண்டும் போட்டன. ஊர் எரிந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்கு ஒத்துப்போகவில்லை. பாஸ்க் அரசு அன்று 1,600-க்கு மேல் என்றது, பிற்கால ஆய்வாளர்கள் பலர் சில நூறு என்கிறார்கள். மூன்று நாளில் ஃபிராங்கோவின் படை ஊருக்குள் வந்துவிட்டது. குண்டே போடவில்லை, சிவப்புக்காரர்கள்தான் தங்கள் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள் என்று ஃபிராங்கோ பக்கம் சொன்னது. பல ஆண்டுகள் அதையே சொல்லியது. ஜெர்மனியின் பங்கை அந்த நாட்டின் அதிபர் ஒருவர் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1997-ல்தான்.

மே 1-ல் பிக்காசோ முதல் கோட்டோவியங்களைப் போட்டார். ஜூன் தொடக்கத்தில் ஓவியம் முடிந்தது. கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். அது வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தையும் டோரா மார் புகைப்படம் எடுத்துவைத்தார். நம் நல்ல காலம். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன அழிந்தது என்று தெரிகிறது. முதல் கட்டத்தில், தரையில் விழுந்து கிடக்கும் போர்வீரன் கையை நேராக உயர்த்தி முஷ்டியை மடக்கியிருக்கிறான். குடியரசின் வணக்கம் அது. அடுத்த கட்டத்தில் அந்த முஷ்டி தானியக் கதிர்களைப் பிடித்திருக்கிறது, பின்னால் பெரிய சூரியன். தோற்கவில்லை, மீண்டும் விளையும் என்று அதற்குப் பொருள். அதன் பிறகு பிக்காசோ அந்தக் கையை எடுத்துவிட்டார். வீரனின் கை தரையில் கிடக்கிறது, உடைந்த வாளும் அதன் அருகில் ஒரு சின்னப் பூவும் மட்டும். சூரியன் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு மின்விளக்கு.

முஷ்டியோடு சேர்ந்து பக்கமும் போய்விட்டது. இந்த ஓவியத்தில் விமானம் இல்லை. குண்டு இல்லை. ஸ்வஸ்திகா இல்லை, எந்தக் கொடியும் இல்லை. செத்த குழந்தையோடு ஒரு தாய், வயிற்றில் ஈட்டி பாய்ந்த குதிரை, எரியும் வீட்டிலிருந்து விழும் பெண், விளக்கை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கும் இன்னொருத்தி, ஒரு காளை. காளை யார் என்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கிறார்கள், எனக்கு அந்த விவாதத்தில் ஈடுபாடு இல்லை. யார் கொன்றது என்ற கேள்விக்கு ஓவியத்துக்குள் விடை கிடையாது.

அந்த அரங்குக்கு வந்த எல்லோரும் இதை விரும்பவில்லை. அதே அரங்கில் ஒராசியோ ஃபெரெர் வரைந்த ஒரு ஓவியமும் இருந்தது. மாட்ரிட் வீதியில் குண்டுக்குத் தப்பி ஓடும் பெண்களும் குழந்தைகளும், வானத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்தும் தாய். பார்த்தவுடன் புரியும், பார்த்தவுடன் கோபம் வரும். கூட்டம் அங்கே நின்றது. போர் நடக்கும்போது, ஆயுதத்துக்குப் பணம் திரட்ட வேண்டிய நேரத்தில், பிக்காசோவின் புரியாத படம் எதற்கு என்று குடியரசுக்காரர்கள் சிலரே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஃபெரெரின் தாயைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அந்த முஷ்டி பொய்யில்லை. ஆனால் அது 1937-ன் முஷ்டி. அந்த வருடத்தின் கோபத்தை அது முழுவதுமாகச் சொல்லி முடித்துவிடுகிறது. பிக்காசோவின் தாய்க்கு எந்தக் கையும் மிச்சமில்லை, இரண்டு கையிலும் குழந்தை.

பிக்காசோவுக்குத் தன் பக்கம் எது என்பதில் எந்தத் தயக்கமும் இல்லை. அதே 1937 ஜனவரியில் ஃபிராங்கோவை அருவருப்பான ஜந்துவாகக் காட்டும் படத் தொடர் ஒன்றைச் செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கத் தொடங்கியிருந்தார். அதை விற்றுக் குடியரசுக்குப் பணம் சேர்க்கத்தான். அங்கே எதிரி இருக்கிறான், பெயரோடு இருக்கிறான். அதை மிகச் சிலரே இன்று தேடிப் பார்க்கிறார்கள். பக்கம் எடுத்த மனிதர், பெரிய ஓவியத்தில் மட்டும் பக்கத்தின் அடையாளத்தைத் துடைத்துவிட்டார். எதிரியை மன்னித்ததால் அல்ல. எதிரியின் உருவம் உள்ளே வந்துவிட்டால் பார்ப்பவனின் கண் அங்கே ஓடிவிடும், செத்த குழந்தையை விட்டுவிடும்.

இந்த வழியை முன்பே காட்டியவர் ஸ்பானிய ஓவியர் கோயா. 1808-ல் மாட்ரிட் மக்களை நெப்போலியனின் படை சுட்டுக் கொன்றதை அவர் 1814-ல் வரைந்தார். சுடுபவர்கள் வரிசையாக முதுகைக் காட்டி நிற்கிறார்கள், ஒருவனுக்கும் முகம் தெரியாது. வெளிச்சம் முழுவதும் கைகளை விரித்து நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரன் மேல். அவன் அந்நியரால் கொல்லப்பட்டவன், அப்படியிருந்தும் கோயா அந்நியனின் முகத்தை வரையவில்லை.

போர்முனையே இல்லாத ஊர்

பிக்காசோ பாரிஸில் இருந்தார், போரைச் செய்தித்தாளில் படித்தார். உள்ளே இருந்தவர்களில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவைச் சேர்ந்த கஸ்தெலாவ் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டியவர். மருத்துவம் படித்துவிட்டு அதைத் தொழிலாக்காமல் ஓவியராகவும் எழுத்தாளராகவும் கலீசிய மொழி உரிமைக்காகப் பேசும் அரசியல்வாதியாகவும் ஆனவர். போர் வெடித்தபோது மாட்ரிட்டில் இருந்ததால் உயிர் தப்பினார். அவருடைய நெருங்கிய தோழர் அலெக்சாந்த்ரே பொவேதா ஊரிலேயே இருந்தார். 1936 ஆகஸ்ட் 17-ல் அவரைச் சுட்டார்கள்.

கலீசியாவில் போரே நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில நாட்களிலேயே அது கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விட்டது. பதுங்குகுழி இல்லை, படைவரிசை இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆசிரியர்கள், மருத்துவர்கள், மீனவர்கள், ஊராட்சித் தலைவர்கள். கொன்றவர்கள் அவர்களுடைய பெயரும் வீடும் தெரிந்தவர்கள். கஸ்தெலாவ் இதைத்தான் 1937-ல் படத் தொகுப்புகளாக வரைந்தார். வெறும் கறுப்பு மை, சில கோடுகள், கீழே ஒற்றை வரி.

அவற்றில் ஒன்றில் ஒரு மனிதர் தரையில் இறந்து கிடக்கிறார். இரண்டு சிறுவர்கள் அருகில் அழுகிறார்கள். படத்தின் பெயர் 'ஆசிரியரின் கடைசிப் பாடம்'. பின்னால் துப்பாக்கி வைத்தவன் யாரும் நிற்கவில்லை. அவன் தேவையும் இல்லை, அந்தச் சிறுவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். நாளைக்கு அதே தெருவில் அவனைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்தப் போரை ஒரே படத்தில் காட்டச் சொன்னால், 'குவர்னிகா'வுக்கு முன் இதைக் காட்டுவேன். கஸ்தெலாவ் பின்னாளில் இதே காட்சியைப் புவனஸ் அயர்ஸில் எண்ணெய் ஓவியமாகவும் வரைந்தார். ஊர் திரும்பாமல் 1950-ல் அங்கேயே இறந்தார்.

முகம் என்னும் ஆபத்து

ஓவியர்கள் முகத்தைத் தவிர்க்கலாம், புகைப்படக்காரர் தவிர்க்க முடியாது. அகுஸ்தி சென்டெல்யெஸ் என்ற பார்சிலோனா புகைப்படக்காரர் ஜூலை 19-ல் தெருச்சண்டை தொடங்கிய நாளிலிருந்து லைக்கா கேமராவோடு அலைந்தவர். 1939 தொடக்கத்தில் கத்தலோனியா விழுந்தபோது ஐந்து லட்சம் பேர் வரை பனியில் பிரான்ஸ் எல்லையைக் கடந்தார்கள். அவரும் கடந்தார், பெட்டியில் ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களோடு. முகாமில் அடைபட்டபோதும் அதை விடவில்லை. 1944-ல் ஸ்பெயினுக்குத் திரும்ப முடிவு செய்தபோது, அந்தப் பெட்டியைக் கார்காசோன் ஊரில் தெரிந்த ஒரு வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வந்தார்.

ஏன் ஒளித்தார்? தன் வேலையைக் காப்பாற்ற மட்டுமில்லை. ஃபிராங்கோவின் அரசு கைப்பற்றிய காகிதங்களையும் படங்களையும் வைத்து ஆட்களை அடையாளம் கண்டு தண்டித்துக்கொண்டிருந்தது. அவருடைய நெகட்டிவில் துப்பாக்கியோடு சிரித்த ஒவ்வொரு பையனுக்கும் அது மரண தண்டனையாக முடியலாம். ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். 1976-ல் சென்டெல்யெஸ் கார்காசோனுக்குப் போனார். பெட்டி அப்படியே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கலைஞன் தன் வாழ்நாள் வேலையைப் பார்க்காமலே இருந்திருக்கிறான், அதில் இருந்த முகங்களுக்காக.

இப்போது ஓவியங்களில் முகம் ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. உள்நாட்டுப் போரில் முகம் என்பது சாட்சியம். யாரோ ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு கதவைத் தட்டுவான்.

குழந்தைகளும் வரைந்தார்கள். குண்டுக்குப் பயந்து மாட்ரிட்டிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் முகாம் ஆசிரியர்கள் காகிதமும் வண்ணப் பென்சிலும் கொடுத்தார்கள். அறுபது படங்கள் 1938-ல் நியூயார்க்கில் நூலாக வந்தன, இன்னும் நூற்றுக்கணக்கானவை நூலகங்களில் இருக்கின்றன. வீடு, மரம், கோடு கோடாகக் கதிர் வீசும் சூரியன். எந்தக் குழந்தையும் வரையும் படம்தான். வானத்தில் மட்டும் விமானங்கள் வரிசையாக வருகின்றன, குண்டுகள் புள்ளி புள்ளியாக இறங்குகின்றன. மனிதர்கள் குச்சி உருவங்கள், விமானங்கள் மட்டும் அச்சு அசலாக இருக்கின்றன. எந்த விமானம் யாருடையது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்று கற்றுக்கொண்ட பிள்ளைகள்.

லாரிகள்

பெரியவர் செர்ட் ஃபிராங்கோ பக்கம் நின்றவர் என்று பார்த்தோம். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்து ஓவியங்களைக் குண்டிலிருந்து காப்பாற்றக் குடியரசு 1936 நவம்பரிலிருந்து லாரிகளில் வலென்சியாவுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ரெனாவும் ஒருவர். போர் நெருங்க நெருங்க ஓவியங்களும் நகர்ந்தன. 1938-ல் பெனிகார்லோ என்ற ஊரில் ஒரு லாரியின் மேல் மாடி முகப்பு இடிந்து விழுந்ததில் 1808 நிகழ்ச்சிகளைப் பற்றிக் கோயா வரைந்த ஓவியங்கள் இரண்டும் கிழிந்தன. ஒன்றில் துண்டுகளே காணாமல்போயின, அந்த இடங்கள் 2008 வரை வெறும் சிவப்பு மண் நிறத்தில் அப்படியே விடப்பட்டிருந்தன. 1939 பிப்ரவரி 3-ல், எல்லையோர ஃபிகேரெஸ் கோட்டையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே, ஓவியங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 71 லாரிகள் பிரான்ஸுக்குள் நுழைந்தன, அங்கிருந்து ரயிலில் ஓவியங்கள் ஜெனீவா போய்ச் சேர்ந்தன.

அந்தக் காரியத்துக்காகப் பல நாட்டு அருங்காட்சியகங்களை ஒரு குழுவாகச் சேர்க்கப் பாரிஸில் ஓடியாடிய முக்கியமானவர்களில் ஒருவர் ஜோசெப் மரியா செர்ட். தன் சுவர்களை எரித்த பக்கம் என்று அவர் நினைத்தவர்கள் கட்டிய பெட்டிகளைக் காப்பாற்ற அவரே உழைத்தார்.

போர் முடிந்ததும் அவர் விக் பேராலயத்துக்குத் திரும்பினார். எரிந்த சுவர்களில் மறுபடி வரைந்தார், 1945-ல் இறக்கும்வரை. அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். இளையவர் செர்ட்டுக்கு ஸ்பெயினில் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். அவர் அமெரிக்கா போனார், ஹார்வர்டில் கட்டடக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தார். ஃபிராங்கோ சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1975 ஜூனில், பார்சிலோனா மலை ஒன்றில் தன் நண்பர் மிரோவுக்காக அவர் வடிவமைத்த அருங்காட்சியகம் திறந்தது. கால்டரின் பாதரச நீரூற்று இன்று அங்கே இருக்கிறது. பாதரச ஆவி நச்சு என்பதால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து விக் பேராலயம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.